இரண்டு வரிசைகள் ஒன்றானால்



ஆகாய விமானம் ஓட்டுகிறவர்களைப் பற்றி இன்று பேசலாம் என்று இருக்கிறேன். வானத்தில் அவர்கள் காட்டும் திறமையைப் பற்றி அல்ல. தரையில் அவர்கள் நடத்திய ஒரு நீண்ட தகராற்றைப் பற்றி. இரண்டு விமானக் கம்பெனிகள் ஒன்றாக இணைகின்றன. இரண்டிலும் விமானிகள் இருக்கிறார்கள். அவர்களுள் யார் மூத்தவர், யார் இளையவர்? ஒரு குமாஸ்தா அரை நாளில் எழுதி முடித்துவிடக் கூடிய பட்டியல் என்றே இது தோன்றும். ஆனால் அப்படிப்பட்ட ஒரு பட்டியலுக்காக அமெரிக்காவில் சில ஆயிரம் விமானிகள் பத்து ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். ஏன் என்பதை விளக்குவதே என் நோக்கம்.

அதற்கு முன் என் வாழ்க்கையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். இளமையில் நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தேன். அது வளர்ந்து வந்த நிறுவனம். புதிய கிளைகள் திறந்தார்கள். புதிய ஆட்களை எடுத்தார்கள். எனக்குப் பின்னால் பலர் வந்து சேர்ந்ததால், ஆறே ஆண்டுகளில் நான் பணிமூப்புப் பட்டியலின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டேன். அப்போது நலிந்துபோன ஒரு சிறிய நிறுவனம் எங்களோடு சேர்க்கப்பட்டது. அதில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு பெரியவர் எங்கள் கிளைக்கு வந்தார். சிக்கலான பேரேடுகளைப் பிரித்துப் பார்க்கும் வித்தையை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தாம். என்னைத் 'தம்பி' என்று அழைப்பார். சில வாரங்களில் புதிய பட்டியல் வந்தது. அவர் பெயர் என் பெயருக்குக் கீழே இருந்தது. மறுநாள் காலை அவர் என்னை 'ஸார்' என்று அழைத்தார்.

அந்தப் பட்டியல் நியாயமானது என்றே நான் அன்று நினைத்தேன். எனக்கு அது அனுகூலமாக இருந்ததுதான் அப்படி நினைத்ததற்குக் காரணம் என்பது, பிற்காலத்தில் இந்த விமானிகளின் வழக்கைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

விமானிக்குப் பணிமூப்பு என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம். மற்ற உத்தியோகங்களில் மூப்பு பல தகுதிகளுள் ஒன்று. அமெரிக்க விமானக் கம்பெனிகளிலோ ஏறக்குறைய எல்லாமே அதுதான். விமானத்தில் இடப்புற ஆசனத்தில் கேப்டனாக அமர்வதா, வலப்புற ஆசனத்தில் துணை விமானியாக அமர்வதா. கடல் கடந்து செல்லும் பெரிய விமானமா, பக்கத்து நகரங்களுக்குப் போய்வரும் சிறிய விமானமா. எந்த ஊரைத் தலைமையிடமாகக் கொள்வது. தீபாவளி போன்ற அவர்களுடைய பண்டிகை நாளில் வீட்டில் இருப்பதா, வானத்தில் இருப்பதா: இவ்வளவையும் பட்டியலில் உள்ள எண்ணே தீர்மானிக்கிறது. மேலே இருப்பவர் முதலில் தேர்ந்தெடுப்பார். மிஞ்சியது கீழே இருப்பவருக்கு. பெரிய விமானத்துக்குச் சம்பளம் அதிகம். கேப்டனுக்கு இன்னும் அதிகம். ஆட்குறைப்பு வந்தாலோ கடைசி எண்ணிலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டே வருவார்கள்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஓர் ஆசிரியர் ஒரு பள்ளியை விட்டு மற்றொரு பள்ளிக்குப் போனால், அவருடைய அனுபவத்துக்கு ஓரளவு மதிப்புக் கிடைக்கும். அமெரிக்காவில் ஒரு பெரிய விமானக் கம்பெனியில் இருபது ஆண்டுகள் கேப்டனாக இருந்தவர் வேறு கம்பெனிக்குப் போனால், பட்டியலின் கடைசி ஆளாகத்தான் சேரவேண்டும். அவர் சம்பாதித்த மூப்பை உடன் எடுத்துச் செல்ல முடியாது. ஆகவே அந்த எண்ணை விட்டுவிட்டு அவர் எங்கும் போக வழியில்லை.

இவ்வளவு கடுமையான முறை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு. மோசமான வானிலையில் புறப்பட மறுக்கும் விமானியும், இயந்திரத்தில் கோளாறு என்று விமானத்தைத் திருப்பி அனுப்பும் விமானியும் மேலதிகாரிக்குப் பிடிக்காதவராக ஆகலாம். பதவி உயர்வு மேலதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தால், மறுக்க வேண்டிய நேரத்தில் மறுக்க ஒருவருக்குத் துணிவு வராது. யாருடைய முகத்தையும் பாராத எண் ஒன்று இருந்தால், விமானி அஞ்சாமல் தம் கடமையைச் செய்வார். பிரயாணிகளாகிய நமக்கும் அதனால் நன்மைதான்.

ஒரே கம்பெனிக்குள் இந்த முறை ஒழுங்காக நடக்கும். முன்னே வந்தவர் முன்னே. பின்னே வந்தவர் பின்னே. இரண்டு கம்பெனிகள் இணையும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. இரண்டு வரிசைகளை ஒன்றாக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, வேலையில் சேர்ந்த தேதியைப் பார்ப்பது. யார் எந்தக் கம்பெனியில் இருந்தாலும், முன்னே சேர்ந்தவர் முன்னே. இரண்டாவது, விகிதத்தைப் பார்ப்பது. ஒரு கம்பெனியில் நூறு பேர், மற்றொன்றில் ஐம்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கம்பெனியிலிருந்து இருவர், அடுத்ததிலிருந்து ஒருவர், மறுபடி இருவர், மறுபடி ஒருவர் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். முதல் கம்பெனியில் ஐம்பதாவதாக இருந்தவரும், இரண்டாவதில் இருபத்தைந்தாவதாக இருந்தவரும் தத்தம் வரிசையின் நடுவில் இருந்தவர்கள். புதிய வரிசையிலும் அவர்கள் நடுவிலேயே பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஒருவர் சேர்ந்து இருபது ஆண்டுகள், மற்றவர் சேர்ந்து எட்டு ஆண்டுகள் என்றாலும் அதைப் பார்ப்பதில்லை. மூன்றாவது வழி, ஒரு பட்டியலின் அடியில் மற்றொன்றை அப்படியே ஒட்டிவிடுவது. வாங்கிய கம்பெனி மேலே, வாங்கப்பட்ட கம்பெனி கீழே. இது பலத்தின் வழி. இதை நியாயம் என்று சொல்பவர் சிலரே. முதல் இரண்டுமோ நியாயமானவை. தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

இனி வழக்குக்கு வருவோம். யூ.எஸ். ஏர்வேஸ் என்பது அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பிலடெல்பியா, பிட்ஸ்பர்க், சார்லட் முதலிய நகரங்களில் வேரூன்றிய பழைய கம்பெனி. அமெரிக்கா வெஸ்ட் என்பது 1983-ல் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் பறக்கத் தொடங்கிய இளைய கம்பெனி. 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் தாக்குதலுக்குப் பிறகு விமானத் தொழில் முழுவதும் தள்ளாடியது. யூ.எஸ். ஏர்வேஸ் 2002-லும் 2004-லும் இரண்டு முறை திவால் நீதிமன்றத்தின் படி ஏறியது. 2005-ஆம் ஆண்டில் இரண்டு கம்பெனிகளும் இணைந்தன. பெயர் பழைய கம்பெனியின் பெயராக இருந்தது; நிர்வாகமோ அமெரிக்கா வெஸ்டின் கையில் இருந்தது. விமானிகளைக் கிழக்கத்தியார், மேற்கத்தியார் என்று எல்லோரும் அழைக்கத் தொடங்கினார்கள்.

கிழக்குப் பட்டியலில் சுமார் 5,100 பேர் இருந்தனர். ஆனால் அவர்களுள் சுமார் 1,700 பேர் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, மறு அழைப்புக்காகக் காத்திருந்தவர்கள். மேற்குப் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 1,900 பேர். அவர்களுள் வேலை இழந்தவர் யாரும் இல்லை. கிழக்கில் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் மூப்புக் கணக்கு உடையவர்கூட வேலையின்றி வீட்டில் இருந்தார். மேற்கிலோ சில மாதங்களுக்கு முன் சேர்ந்த இளைஞரும் விமானத்தில் பறந்துகொண்டிருந்தார்.

கிழக்கத்தியார் சொன்னது இது: "நாங்கள் எங்கள் இளமையை இந்தத் தொழிலுக்குக் கொடுத்தவர்கள். காலத்தைப் போல் உண்மையான அளவுகோல் வேறு இல்லை. எங்களுள் வயதானவர்கள் பலர். அவர்கள் ஓய்வு பெறும்போது காலியாகும் இடங்கள் எங்கள் வரிசையில் காத்திருந்தவர்களுக்கே உரியவை. நேற்று வந்தவர் எங்களைத் தாண்டிப் போவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?"

மேற்கத்தியார் சொன்னது இது: "உங்கள் கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்த கப்பல். நாங்கள் வந்திராவிட்டால் உங்கள் பட்டியலும் அதில் உள்ள ஆண்டுகளும் வெறும் காகிதமாகப் போயிருக்கும். நாங்கள் இன்று கேப்டனாக இருக்கிறோம். சேர்ந்த தேதியைப் பார்த்தால், எங்கள் கேப்டன்கள் பலர் வேலையில் இல்லாத உங்கள் ஆட்களுக்குக் கீழே போவார்கள். இணைப்பினால் உங்களுக்கு வேலை கிடைக்கும். எங்களுக்கு இருந்த பதவி போகும். இதுவா நியாயம்?"

நண்பர்களே, இந்த இரண்டு வாதங்களையும் ஒரு முறைக்கு இருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரு வாதத்தைக் கேட்கும்போது அதுவே சரி என்று தோன்றும். மற்றதைக் கேட்கும்போது அதுவும் சரி என்று தோன்றும். ஒருவர் கடந்த காலத்தை அளவாக வைக்கிறார். மற்றவர் நிகழ்காலத்தை அளவாக வைக்கிறார். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கப் படிக்கல் எங்கே இருக்கிறது?

இத்தகைய தகராறு வரும் என்பதை விமானிகளின் சங்கம் முன்பே அறிந்திருந்தது. 1931-ல் தோன்றிய அமெரிக்க விமானிகள் சங்கத்தில் இரு சாராரும் அப்போது உறுப்பினர்கள். அச்சங்கத்தின் விதி தெளிவானது. முதலில் இரு சாராரும் பேசிப் பார்க்கவேண்டும்; முடியாவிட்டால் ஒருவர் சமரசம் செய்துவைக்க முயலவேண்டும்; அதுவும் பலிக்காவிட்டால் நடுவர் ஒருவரின் தீர்ப்புக்கு இரு சாராரும் கட்டுப்பட வேண்டும். பேச்சும் சமரசமும் தோற்றன. ஜார்ஜ் நிக்கோலாவ் என்ற அனுபவம் மிக்க நடுவர் வழக்கைக் கேட்டு, 2007 மே மாதத்தில் தீர்ப்பு அளித்தார்.

அவருடைய தீர்ப்பின் சாரம் மூன்று வாக்கியங்களில் அடங்கும். கடல் கடந்து செல்லும் பெரிய விமானங்கள் கிழக்கத்தியாரிடமே இருந்தபடியால், பட்டியலின் முதல் 517 இடங்கள் கிழக்கத்தியாருக்கு. அதற்குக் கீழே, வேலையில் இருந்தவர்களை விகிதப்படி அடுக்கவேண்டும். ஆட்குறைப்பில் வீட்டில் இருந்த கிழக்கத்தியார் எல்லோரும் பட்டியலின் அடியில், மேற்கின் கடைசி இளைஞருக்கும் கீழே.

மூன்றாவது வாக்கியம் கிழக்கத்தியாரின் நெஞ்சில் தைத்தது. பதினாறு ஆண்டு மூப்பு உடையவர் நேற்று வந்தவருக்குக் கீழே நிற்பதா? என் கிளைக்கு வந்த பெரியவரை நினைக்கும்போது அவர்களுடைய கொதிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்து அவர்கள் செய்தது வேறு ஒரு கேள்வியை எழுப்பிற்று.

தீர்ப்பை மாற்ற முடியாது என்று கண்டபோது, அவர்கள் சங்கத்தையே மாற்றிவிட்டார்கள். சேர்ந்த தேதியே மூப்புக்கு அடிப்படை என்ற கொள்கையைத் தன் சட்டதிட்டத்திலேயே எழுதிக்கொண்ட புதிய சங்கம் ஒன்று உருவாயிற்று. 2008 ஏப்ரலில் தேர்தல் நடந்தது. கிழக்கத்தியார் எண்ணிக்கையில் அதிகம். புதிய சங்கம் வென்றது. அமெரிக்கச் சட்டப்படி, வென்ற சங்கமே எல்லா விமானிகளுக்கும் ஒரே பிரதிநிதி. நிர்வாகத்தோடு பேசவேண்டுமானால் மேற்கத்தியாருக்கும் வேறு வாய் கிடையாது. அந்த வாயோ அவர்களுக்கு எதிராகப் பேசிற்று.

பெரும்பான்மை வாக்களித்துவிட்டால் அதுதானே ஜனநாயகம் என்று நீங்கள் சொல்லலாம். இதற்கு விடை காண 1944-ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். அலபாமா மாநிலத்தில் ரயில் எஞ்சினில் கரி தள்ளும் தொழிலாளியாக ஸ்டீல் என்ற கறுப்பர் ஒருவர் இருந்தார். அந்தத் தொழிலாளர்களின் சங்கம் வெள்ளையரின் கையில் இருந்தது. கறுப்பர்களை உறுப்பினராகவே சேர்க்காத அந்தச் சங்கம், சட்டப்படி அவர்களுக்கும் பிரதிநிதியாக இருந்துகொண்டு, அவர்களை வேலையை விட்டுத் தள்ளும்படியான ஒப்பந்தத்தை ரயில்வேயோடு செய்தது. நல்ல வேலையில் மூத்தவராக இருந்த ஸ்டீல் கீழே தள்ளப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தத்துவத்தை நிலைநாட்டிற்று. எல்லோருக்காகவும் பேசும் அதிகாரத்தைச் சட்டம் ஒரு சங்கத்துக்கு அளிக்குமானால், எல்லோருக்கும் நேர்மையாகப் பேசும் கடமையும் அதனோடு சேர்ந்தே வருகிறது என்பதே அந்தத் தத்துவம்.

விமானிகளின் வழக்கில் நிறவேற்றுமை இல்லை. கொடுமையும் அந்த அளவினது அல்ல. ஆயினும் மேற்கத்தியார் பற்றிக்கொண்டது அந்தத் தத்துவத்தைத்தான். பீனிக்ஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 2009 மே மாதத்தில் ஜூரிகள், சங்கம் தன் கடமையிலிருந்து தவறியது என்று அவர்கள் பக்கம் முடிவு சொன்னார்கள். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நிர்வாகத்தோடு இறுதி ஒப்பந்தம் இன்னும் ஏற்படவில்லை. ஆகவே வழக்குக்குக் காலம் கனியவில்லை என்பது காரணம். காய் பழுக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதற்கிடையில் என்ன நடந்தது? ஒரே பெயர் எழுதிய விமானங்கள், ஒரே சீருடை. ஆனால் கிழக்கத்திய விமானியும் மேற்கத்திய விமானியும் ஒரே விமானத்தில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து பறக்கவில்லை. பட்டியலில் உடன்பாடு இல்லாததால் இரு சாராருக்கும் பொதுவான சம்பள ஒப்பந்தமும் ஏற்படவில்லை. திவால் காலத்தில் வெட்டப்பட்ட சம்பளத்திலேயே கிழக்கத்தியார் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளினார்கள். எந்த மூப்புக்காகப் போராடினார்களோ அதன் பயனையே போராட்டம் தின்றுவிட்டது. ஓய்வு பெறும் வயது வந்து விமானத்தை விட்டு இறங்கிய பலர், ஒன்றான பட்டியலைக் காணாமலே வீடு திரும்பினார்கள்.

2013 டிசம்பரில் கம்பெனி மறுபடியும் இணைந்தது. இம்முறை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ற பெரிய கம்பெனியோடு. அதற்கான ஒப்பந்தத்தில் புதிய சங்கம் பழைய நடுவர் தீர்ப்பைக் கைவிட்டது. மேற்கத்தியார் மீண்டும் வழக்குத் தொடுத்தார்கள். 2015-ல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், சங்கம் கடமை தவறியது என்று தீர்ப்புக் கூறிற்று. கிழக்கத்தியார் நலனுக்காக மேற்கத்தியாரைப் பலி கொடுத்தது, எல்லா விமானிகளின் பொது நலனுக்கான காரியம் ஆகாது என்பது அதன் முடிவு. பின்னர் மூன்று சாராரையும் சேர்த்து, மூன்று நடுவர்கள் அடங்கிய குழு 2016-ல் பட்டியலை வகுத்துக் கொடுத்தது.

இந்தத் தகராறு அந்த ஒரு கம்பெனியோடு நின்றதல்ல. 2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், டி.டபிள்யூ.ஏ. என்ற புகழ்பெற்ற பழைய கம்பெனியை வாங்கியபோது, அதன் விமானிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் புதிய பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டார்கள். அதே ஆண்டு ஆட்குறைப்பு வந்தபோது, அடியில் இருந்தவர்கள் முதலில் வெளியேறினார்கள். அவர்கள் பட்ட துன்பத்தின் விளைவாக, மிசௌரி மாநிலத்து செனட்டர்களான மெக்காஸ்கில், பாண்ட் இருவரும் முயன்று 2007-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மூப்புப் பட்டியல்களை இணைப்பது நியாயமாகவும் நடுநிலையோடும் நடக்கவேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் நடுவரிடம் போகவேண்டும் என்பது அதன் சாரம். மதிப்புக்கு உரிய அம்சங்களிலும் மாறுதல் வந்தது. 2013-ல் யுனைடெட், கான்டினென்டல் கம்பெனிகளின் விமானிகளை இணைத்த நடுவர்கள், பணியாற்றிய காலத்தையும் வகித்த பதவியையும் சேர்த்தே கணக்கிட்டார்கள்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைக்கப்பட்டன. 2012-ல், புதிதாக வரவிருந்த ட்ரீம்லைனர் விமானங்களில் யாருக்குப் பயிற்சி என்ற கேள்வியில் பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரு சாராரையும் எவ்வாறு ஒன்றாக்குவது என்று ஆராய நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழுவே அமைக்க வேண்டியதாயிற்று.

இவற்றிலிருந்து நான் அறிந்துகொண்டதைச் சொல்லி முடிக்கிறேன். எல்லோரும் ஒருமுகமாக நியாயம் என்று ஒப்பும் பட்டியல் ஒன்று கிடைக்காது. காலத்தைப் பார்த்தால் ஒருவருக்கு நஷ்டம். பதவியைப் பார்த்தால் மற்றவருக்கு நஷ்டம். ஆகவே எந்த முறையில் முடிவு செய்வது, யார் சொல்வதை ஏற்பது என்பதை முடிவு தெரிவதற்கு முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு, முடிவு கசந்தாலும் அதற்கு நிற்கவேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக, கை அதிகம் உள்ளவர் நடுவரைத் தூக்கி எறிந்தால், அடுத்த முறை யாரும் நடுவரிடம் போகமாட்டார்கள். நீங்கள் நாளைக்குச் சங்கங்களில் சேருவீர்கள். சிலர் அவற்றுக்குத் தலைமையும் தாங்குவீர்கள். தேர்தலில் வென்ற மறுநாள், உங்களுக்கு வாக்களிக்காதவர்களுக்கும் நீங்களே பிரதிநிதி என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கள் கிளைப் பெரியவரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அந்த விமானிகளுக்குப் பேச ஒரு சங்கம் இருந்தது. கேட்க ஒரு நடுவர் இருந்தார். போக ஒரு நீதிமன்றம் இருந்தது. எங்கள் பட்டியலையோ யாரோ எங்கோ தட்டெழுதி அனுப்பினார்கள். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே வைத்ததைக் காட்டிலும், கேளாமல் வைத்ததே அவரை அதிகமாக வருத்தியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். 'என்னைத் தம்பி என்றே கூப்பிடுங்கள், ஐயா' என்று நான் அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவர் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.